எல் பலகையும் மூன்றாம் ஆளும்

கடந்த மாதம் ஹற்றனிலிருந்து என் தங்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தான். பயிலுநர் அனுமதிப்பத்திரம் கைக்கு வந்துவிட்டதாம். செயன்முறைப் பரீட்சைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அதுவரை நண்பனின் தந்தையுடைய பழைய காரில் ஓட்டிப் பழக எண்ணியிருக்கிறான். “மாமா, ஒரு மாதத்துக்கு மட்டும் காப்புறுதி எடுக்க ஏலுமா? எது மலிவு?” என்று கேட்டான்.

லண்டனில் வாழும் உறவினர் எவரோ அவனுக்கு இந்த எண்ணத்தை ஊட்டியிருக்க வேண்டும். அங்கே பயிலுநர் ஒருவர் பிறருடைய காரைச் சில நாட்களுக்கு, ஏன், சில மணித்தியாலங்களுக்குக்கூடத் தம் பெயரில் காப்புறுதி செய்து ஓட்டலாம். நம் நாட்டில் காப்புறுதி பெரும்பாலும் வாகனத்தோடு ஒட்டியது. ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குக் காப்புறுதிச் சான்றிதழைக் காட்டியாக வேண்டும். ஆகையால் காப்புறுதியும் ஆண்டுக் கணக்கிலேயே ஓடுகிறது. இடையில் கிடைக்கும் ‘கவர் நோட்’ என்பது பத்திரம் தயாராகும் வரைக்குமான தற்காலிகச் சான்று மாத்திரமே. குறுகிய காலத்துக்கென எடுத்தாலும் கட்டணம் நாட்கணக்கில் குறைந்துவிடாது. இந்தியாவின் 2002ஆம் ஆண்டுக் கட்டண விதிகளில் ஒரு மாதக் காப்புறுதிக்கு ஆண்டுக் கட்டணத்தில் 20 வீதமும், ஆறு மாதத்துக்கு 70 வீதமும் அறவிடப்பட்டன. பன்னிரண்டில் ஒரு பங்குதானே என்று கணக்குப் போட்டவர்கள் ஏமாந்தார்கள்.

ஆனால் மருமகனிடம் நான் நெடுநேரம் பேசியது கட்டணத்தைப் பற்றியல்ல.

இலங்கையில் முதலாவது மோட்டார் கார் 1902இல் ஓடியது. அதற்கு முன்னரே, 1884இல் ஹற்றனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் புகையிரதம் வந்துவிட்டது. குதிரையில் தோட்டம் சுற்றிய துரைமார் மெல்ல மெல்லக் காருக்கு மாறினர். 1934இல் நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றக் காரோட்டப் போட்டி தொடங்கியது. மலைப்பாதையில் விரைந்து ஏறுவது அவர்களுக்கு ஒரு விளையாட்டு. அந்தப் பாதைகளை வெட்டியவர்களின் பிள்ளைகள் அவற்றின் ஓரத்தில் கொழுந்துக் கூடையுடன் நடந்துகொண்டிருந்தார்கள்.

பிரித்தானியா 1930ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் மூலம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. எல் பலகையும் சாரதிப் பரீட்சையும் 1935இல் அங்கு கட்டாயமாயின. அதே அச்சில் வார்க்கப்பட்டதுதான் இலங்கையின் 1938ஆம் ஆண்டு 45ஆம் இலக்க மோட்டார் கார் கட்டளைச் சட்டம். பின்னர் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. காப்புறுதி எடுப்பவர் முதலாம் தரப்பு, நிறுவனம் இரண்டாம் தரப்பு. மூன்றாம் தரப்பு என்பது ஒப்பந்தத்தில் கையொப்பமிடாத, பெயர் எழுதப்படாத, வீதியில் போகும் எவரோ ஒருவர்.

மலையகத்தில் அந்த எவரோ ஒருவர் பெரும்பாலும் யார் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. எனினும் துரையின் கார்க் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த காப்புறுதிக் கடதாசி, அடிபட்டவரிடம் குடியுரிமைச் சான்றிதழ் கேட்கவில்லை. நாட்டின் சட்டப் புத்தகத்தில் அவர்களையும் மனிதக் கணக்கில் சேர்த்த பக்கங்களுள் இதுவும் ஒன்று என்று எண்ணிக்கொள்வேன்.

அதிலும் ஓட்டைகள் இருந்தன. பிரித்தானியாவின் 1930ஆம் ஆண்டுச் சட்டம், வேலை நேரத்தில் காயமுறும் முதலாளியின் சொந்த வேலையாளை இக்கட்டாயக் காப்புறுதிக்குள் அடக்கவில்லை. அவர் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் வழியே போக வேண்டியவர். வீதியோரம் நடக்கையில் மூன்றாம் தரப்பாக இருப்பவர், தோட்ட லொறியில் ஏறி வேலைக்குப் போகும்போது வேறொருவராகிவிடுகிறார்! இன்னொன்று, வழக்குத் தொடர்வதற்கு முன்னரோ தொடர்ந்து ஏழு நாட்களுக்குள்ளோ காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை. ஆங்கிலக் கடிதத்தைப் படிப்பிக்கவே ஆள் தேடிய லயன் வீட்டுக்கு அந்த ஏழு நாள் எவ்வளவு குறுகியது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி என் கதை. 1994இல், கலைப்பட்டப் படிப்பை முடித்திருந்த வேளை, நண்பரொருவரின் ஒஸ்ரின் காரில் டிக்கோயாப் பக்கம் ஓட்டிப் பழகினேன். அருகில் நண்பர் இருந்தார். எல் பலகையும் இருந்தது. வளைவொன்றில் பிரேக்கென்று நினைத்து அக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டேன். கொழுந்து நிறுக்கப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மா கானுக்குள் விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. அவரைத் தூக்கி உட்கார வைத்தபோது அவர் என்னைத் திட்டவில்லை. “இன்னைக்கு அரைப் பேர்தானே போடுவாங்க” என்று அழுதார். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாட் கூலி.

அன்று மாலை நண்பர் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து விரித்தார். யார் யார் ஓட்டலாம் என்ற பகுதியில் உரிமையாளரும், அவருடைய அனுமதியுடன் ஓட்டும் செல்லுபடியான சாரதி அனுமதிப்பத்திரம் உடையவரும் என்றிருந்தது. பயிலுநரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முகவரிடம் கேட்டோம். அவர் பேச்சை மாற்றினார். பொலிசில் முறைப்பாடு வேண்டாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சமரசம் பேசினார்கள். வைத்தியச் செலவையும் ஆறு வாரக் கூலியையும் கொடுத்தேன். அது நட்டஈடாகாது என்று எனக்குத் தெரியும். அந்தக் கை முன்போல் கொழுந்து பறித்ததா என்று நான் போய் விசாரிக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் எழுதக் கூசும் விடயம் அது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 1964இலிருந்து வாகனக் காப்புறுதி அரச கூட்டுத்தாபனத்தின் ஏகபோகமாயிருந்தது. 1980களின் பிற்பகுதியில் தனியார் நிறுவனங்களுக்கும் வழி திறந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் லீசிங்கில் முச்சக்கரவண்டியும் வேனும் எடுத்து ஓட்டுகிறார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதும் நாமே, ஓரத்தில் நடப்பதும் நாமே. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா, ரதல்ல குறுக்கு வீதியில் சுற்றுலா வந்த மாணவரின் பேருந்து மோதியதில் வேனில் சென்றோரும் முச்சக்கரவண்டிச் சாரதியுமாக ஏழு பேர் மாண்டனர்.

மருமகனிடம் சொன்னது இதுதான். ஒரு மாதக் காப்புறுதியைத் தேடி அலையாதே. கார்ச் சொந்தக்காரரின் பத்திரத்தை வாங்கி, ஓட்டக்கூடியவர் யார் என்ற பகுதியை முதலில் வாசி. பயிலுநர் என்ற சொல் இல்லாவிட்டால், மேலதிகக் கட்டணம் கட்டி அதைச் சேர்க்க முடியுமா என்று நிறுவனத்திடம் கேள். முகவர் வாயால் சொல்வதை ஏற்காதே, எழுத்தில் வாங்கு. வெறும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியானால் நண்பனின் தந்தையுடைய காருக்கு நேரும் சேதம் உன் தலையில்தான். அதையும் அவரிடம் முன்கூட்டியே பேசிவிடு. ஒன்றும் சரிவராவிட்டால் சாரதிப் பயிற்சிப் பாடசாலையின் வாகனத்திலேயே இன்னும் சில மணித்தியாலங்கள் ஓட்டு. அங்கும் பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேள்.

“மாமா, இவ்வளவு கேட்டா அவங்க சந்தேகப்பட மாட்டாங்களா?” என்றான்.

கேட்கச் சொன்னேன். நேற்று மீண்டும் அழைத்தான். ஐந்து நாள் அலைந்து அந்த ஒரு வரியைப் பத்திரத்தில் சேர்ப்பித்துவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை காலையில், கொழுந்து எடுக்காத நாளாகப் பார்த்து, டிக்கோயாப் பக்கம்தான் ஓட்டப் போகிறானாம்.