ரூத்தில் நின்ற மொழிபெயர்ப்பு

1719 பிப்ரவரியில் தரங்கம்பாடியில் சீகன்பால்க் ஐயர் உயிர்நீத்தபோது அவருக்கு வயது 36. புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்திருந்தது. பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்போ ரூத்தின் புத்தகத்தோடு நின்றுபோயிற்று. ஆயினும் அப்பணி அநாதையாகவில்லை. ஹாலேயிலிருந்து வந்த அச்செழுத்துகள் மிகப் பெரியனவாயிருந்தமையால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. பொறையாற்றில் காகித ஆலையும் எழும்பிற்று. சுதேச ஊழியரைப் பயிற்றுவிக்க 1716இல் பள்ளியொன்றும் தொடங்கப்பெற்றது. அவர் எழுதிய நூல்களைப் போற்றுவோர் பலர். இப்பள்ளியையும் அச்சுக்கூடத்தையும் நினைப்போர் சிலரே. எனினும், அவரது மரணத்திற்குப்பின் அதே ஆண்டு வந்திறங்கிய ஷூல்ட்சே ஐயர், முன்னவர் முகத்தைக் காணாதவராயிருந்தும், பழைய ஏற்பாட்டின் எஞ்சிய பகுதியை மொழிபெயர்த்து 1728க்குள் அச்சிட்டு முடிக்க வழியிருந்தது இவற்றாலன்றோ? 1733இல் தமிழரான ஆரோன், இந்தியரில் முதல் புராட்டஸ்டண்டு குருவாக அபிஷேகம்பண்ணப்பட்டார்.