லாரி மேல் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் மட்டும் ஏன் பிழைத்தார்கள்?

1984 ஆகஸ்ட். ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் மொனூன் என்று ஒரு ஏரி. அதை ஒட்டிய தாழ்வான சாலையில் விடியும் முன் வந்த ஒரு லாரியின் எஞ்சின் திடீரென்று நின்றுவிட்டது. என்ன ஆச்சு என்று இறங்கிப் பார்த்தவர்கள் அங்கேயே சரிந்து இறந்தார்கள். லாரியின் மேலே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் மட்டும் பிழைத்தார்கள்.

அந்த ஏரிக்கரையில் மொத்தம் 37 பேர் பலி. யாரோ செய்த சதி என்றுகூட முதலில் சந்தேகப்பட்டார்கள்.

மேலே இருந்தவங்களுக்கும் கீழே இறங்கினவங்களுக்கும் நடுவில் இருந்தது சில அடி உயரம்தான். அந்தச் சில அடியில் என்ன இருக்கிறது? வாயுவின் எடை இருக்கிறது.

"காத்துக்கு ஏது எடை?" என்று கேட்காதீங்க. ஒரே அளவுள்ள பலூன்களில், ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும் எந்த வாயுவை நிரப்பினாலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றுதான். 1811லேயே அவகாட்ரோ சொன்னது இது. ஆக, எந்த மூலக்கூறு கனமோ அந்த பலூன் கனம். ஹைட்ரஜன் 2, ஹீலியம் 4, மீத்தேன் 16. நாம் சுவாசிக்கும் காற்றின் சராசரி 29. கார்பன் டை ஆக்சைடு 44. அதாவது காற்றைப்போல ஒன்றரை மடங்கு. அவகாட்ரோவுக்கும் முன்பே, 1766ல் இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ் எடை போட்டுப் பார்த்து ஏறக்குறைய இதே விடைக்கு வந்துவிட்டார்.

(வீட்டு சிலிண்டரில் உள்ள புரொப்பேன் 44, பியூட்டேன் 58. அதனால்தான் கசிந்த கேஸ் தரையோடு தேங்குகிறது.)

இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம் "நாய்க் குகை" என்றே ஒரு குகை உண்டு. தரையிலிருந்து கசியும் கார்பன் டை ஆக்சைடு முழங்கால் உயரத்துக்குத் தேங்கி நிற்கும். மனுஷன் உள்ளே நின்றால் ஒன்றும் ஆகாது, கூட வந்த நாய் மயங்கி விழும். சுற்றுலாப் பயணிகளுக்கு இதை வேடிக்கையாகக் காட்டிக் காசு பார்த்தார்கள். பாவம் அந்த நாய்கள்.

அப்போ நம்ம ரூமிலும் இது தரையில் தேங்குமா? தேங்காது. கொஞ்சமாக வந்தால் காற்றோடு கலந்துவிடும். சாதாரணக் காற்றில் இது 0.04 சதவீதம்தான். மொத்தமாகக் கொட்டி, காற்றோட்டமும் இல்லாவிட்டால்தான் தண்ணீர் மாதிரி பள்ளம் தேடி ஓடும்.

1986 ஆகஸ்ட் 21 இரவு அப்படித்தான் கொட்டியது. அதே கேமரூனில், நியோஸ் ஏரி. எரிமலை வாயில் உருவான, 200 மீட்டருக்கு மேல் ஆழமான ஏரி. பூமிக்கடியிலிருந்து ஊறிய கார்பன் டை ஆக்சைடு, சோடா பாட்டிலில் கரைந்திருப்பது போல அடித்தண்ணீரில் கரைந்து கிடந்தது. அன்று ஏதோ ஒன்று அந்தத் தண்ணீரைக் கலக்க, லட்சக்கணக்கான டன் வாயு பொங்கி, கரை தாண்டி, பள்ளத்தாக்குகளில் இறங்கியது. சுமார் 25 கிலோமீட்டர் வரை ஆட்கள் இறந்தார்கள். 1,700க்கும் மேற்பட்ட மனிதர்கள், சுமார் 3,500 கால்நடைகள். மேட்டில் இருந்த பலர் தப்பினார்கள்.

ஒரு மருத்துவராக என்னை அதிகம் யோசிக்க வைப்பது பிழைத்தவர்கள் சொன்னதுதான். பல மணி நேரம் கழித்து விழித்துப் பார்த்தால் பக்கத்தில் குடும்பமே இறந்து கிடக்கிறது. சத்தம் இல்லை, போராட்டம் இல்லை. இந்த வாயு 10 சதவீதத்தைத் தாண்டினாலே சில நிமிடங்களில் நினைவு போய்விடும். 30 சதவீதம் என்றால் சில மூச்சுதான். சிலர் தோலில் கொப்புளங்கள் இருந்தன. அவை அமிலக் காயமல்ல, நீண்ட மயக்கத்தில் அசையாமல் கிடந்ததால் வந்தவை என்றே ஆராய்ந்த மருத்துவர்கள் கருதினார்கள்.

நம்ம ஊர் பாழுங்கிணறும் இதே கதைதான், பாத்திரம் மட்டும் சின்னது. ஒருத்தர் இறங்கி மயங்குவார், காப்பாற்ற இறங்கும் தம்பியும் விழுவார். விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் ஆபத்து நிச்சயம். ஆனா எரிந்தால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. மீத்தேன் இருந்தால் அந்த விளக்கே வெடிக்க வைக்கும். செப்டிக் டேங்கில் வரும் ஹைட்ரஜன் சல்பைடு (34) விளக்கை அணைக்காமலே ஆளைக் கொல்லும். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் நீங்க இறங்காதீங்க. 101க்குப் போன் பண்ணுங்க, மூச்சுக்கருவியோடு வருவார்கள்.

நியோஸ் ஏரி என்ன ஆச்சுன்னு கேட்கிறீங்களா? 2001ல் அடி ஆழம் வரை ஒரு குழாயை இறக்கினார்கள். பம்ப் வைத்து முதலில் கொஞ்சம் தண்ணீரை மேலே இழுத்தால் போதும். பிறகு கரைந்த வாயுவே நுரைத்துத் தண்ணீரைத் தூக்கி வந்துவிடும், மோட்டார் வேண்டாம். ஏரி நடுவில் சுமார் 50 மீட்டர் உயரத்துக்கு நீரூற்று பீய்ச்சியது. கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும் வாயு காற்றோடு கலந்து போனது. 2011ல் மேலும் இரண்டு குழாய்கள் போட்டார்கள்.