ஒரு பட்டறையும் ஆறு பெயர்களும்



இரணைமடுக் குளத்தின் அருகே வாழ்பவர்க்குப் பருவம் என்பது வெறுஞ்சொல் அன்று. மாரி மழை ஓய்ந்தபின், குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கின்றது என்று பார்த்தே, சிறுபோகத்திற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதைக் கமக்காரரும் அதிகாரிகளும் கூடியிருந்து முடிவு செய்வர். அக்கூட்டத்தில் வானத்து மேகத்தைக் காட்டி எவரும் பங்கு கேட்பதில்லை. கட்டுக்குள் நிற்கும் நீரே கணக்கிற்கு வரும்.

சென்ற தவணையில் ஒரு நாள், ஆசிரியர் ஒருவர் வராதமையால் அவருடைய வகுப்பிற்கு நான் செல்ல நேர்ந்தது. மாணவர் சிலர் போர்மியூலா வன் என்னும் உலக மோட்டார்ப் பந்தயத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தனர். வரும் பருவத்தில் எந்தக் குழு முன்னிற்கும் என்பதே வாதம். ஒருவன் சாரதியின் பெயரைச் சொன்னான். மற்றொருவன் காரின் பெயரைச் சொன்னான். இருவர் கணக்கிலும் மேகம் இருந்ததேயன்றி நீர் இருக்கவில்லை. ஒரு குழுவின் வருங்காலத்தை அளக்க விரும்பினால் அதன் கடந்த காலத்தைப் படியுங்கள் என்றேன். அன்று அவர்களுக்குச் சொன்னவற்றையே இன்று சற்று விரித்துச் சொல்கின்றேன்.

மோட்டார்ப் பந்தயம் நம்மவர்க்கு முற்றிலும் அந்நியமானதன்று. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டில், உலகப் போர்க்காலத்து விமானத்தளமாகிய சோழவரத்தில், 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தினர். பின்னர் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை அமைந்தது. இத்தகைய மண்ணிலிருந்து எழுந்தவரே கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். 2005ஆம் ஆண்டில் போர்மியூலா வன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் அவர். அவருக்கு இடமளித்த குழுவின் பெயர் ஜோர்டன்.

அக்குழுவின் கதையே இன்று நாம் காணவிருப்பது. அயர்லாந்து நாட்டவரான எடி ஜோர்டன் அமைத்த இக்குழு 1991இல் களம் புகுந்தது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டன் பந்தயப் பாதைக்கு எதிரே அதன் பட்டறை இருந்தது. செல்வம் குறைந்த குழுவாயினும் முதலாண்டிலேயே ஐந்தாம் இடம் பெற்றது. 1998இல் பெல்ஜியத்தில் டேமன் ஹில் அதற்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தார். 1999இல் குழு மூன்றாம் இடம்வரை உயர்ந்தது. அதன்பின் பணவரவு சுருங்க, நிலையும் தாழ்ந்தது.

2005ஆம் ஆண்டுப் பருவம் தொடங்குமுன் அதன் நிலை என்ன? சனவரியில் குழு மிட்லண்ட் என்னும் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. இயந்திரம் புதிது, சாரதிகள் இருவரும் இப்பந்தயத்திற்குப் புதியவர். எதிர்பார்ப்பதற்கு அதிகம் இருக்கவில்லை. ஆயினும் அவ்வாண்டு யூன் 19இல் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த பந்தயத்தில் நரேன் நான்காவதாக வந்தார். மிச்செலின் ரயர் பூட்டிய பதினான்கு கார்களும், ரயர் தாங்காது என்ற அச்சத்தால் விலகிக்கொள்ள, ஆறு கார்களே ஓடிய பந்தயம் அது. அந்த நான்காம் இடம் வானம் ஒரு நாள் தந்த மழை. குளம் நிறைந்ததற்குச் சான்று அன்று. பருவ முடிவில் பத்துக் குழுக்களுள் ஜோர்டன் ஒன்பதாவதாகவே நின்றது.

அடுத்த ஆண்டு குழு மிட்லண்ட் என்றும், 2007இல் ஸ்பைக்கர் என்றும் பெயர் பூண்டது. 2007இன் இறுதியில் விஜய் மல்லையாவும் பங்காளி ஒருவரும் அதனை வாங்கிப் போர்ஸ் இந்தியா எனப் பெயரிட்டனர். இந்தியாவெங்கும் பேராவல் எழுந்தது. ஆனால் 2008ஆம் ஆண்டு முழுவதும் ஓடியும் அக்குழு ஒரு புள்ளியேனும் பெறவில்லை. பெயரை மாற்றுவதால் கார் விரைவதில்லை.

மாற்றம் வேறிடத்திலிருந்து வந்தது. 2009இல் மெர்சிடிஸ் இயந்திரமும் மக்லாரன் நிறுவனத்தின் பற்சக்கரப் பெட்டியும் பொருத்தப்பட்டன. அவ்வாண்டு ஆகத்து மாதம் பெல்ஜியத்தில் பிசிகெல்லா முதலிடத்திலிருந்து புறப்பட்டு இரண்டாவதாக வந்தார். அடுத்த பந்தயத்திற்குள் பெராரி அவரை அழைத்துக்கொண்டது. குழு சோர்ந்ததா? இல்லை. அந்த அடுத்த பந்தயத்திலேயே அதன் மற்றச் சாரதி சுட்டில் நான்காம் இடம் பெற்றார். சாரதி போனாலும் பட்டறையின் திறன் அங்கேயே இருந்தது. அதன்பின் ஏற்றம் படிப்படியாக வந்தது: 2015இல் ஐந்தாம் இடம், 2016இலும் 2017இலும் நான்காம் இடம்.

2018ஆம் ஆண்டு தொடங்கியபோது இக்குழுவைப் பற்றி எவரும் ஐயுற்றிருக்க மாட்டார். குளம் நிறைந்து தோன்றியது. கட்டிலோ கசிவு இருந்தது. உரிமையாளரின் விமானக் கம்பனி 2012இலேயே பறப்பை நிறுத்தியிருந்தது. குழுவுக்கும் கடன் பெருகிற்று. யூலை மாதம், பருவத்தின் நடுவே, அது நீதிமன்றம் அமர்த்திய நிர்வாகிகளின் கைக்குச் சென்றது. இதற்கு வழக்கிட்டவர் அக்குழுவின் சாரதியும் அதற்குக் கடன் கொடுத்தவருமாகிய பெரஸ் என்பவரே. குழு அடியோடு மூடப்படாமல் காப்பதே தம் நோக்கம் என்றார். ஏறத்தாழ நானூறு பேரின் பிழைப்பு அதில் தங்கியிருந்தது. லோரன்ஸ் ஸ்ட்ரோல் என்னும் கனடியரின் கூட்டத்தார் அதனை வாங்கினர். அதுவரை ஓடிய பன்னிரண்டு பந்தயங்களில் ஈட்டிய 59 புள்ளிகளும் அழிக்கப்பட்டன. றேசிங் பொயின்ட் என்ற பெயரில், சுழியிலிருந்து தொடங்கிய அதே தொழிலாளர் எஞ்சிய ஒன்பது பந்தயங்களில் 52 புள்ளிகள் ஈட்டி ஏழாம் இடத்தில் முடித்தனர். 2020 திசம்பரில் பஹ்ரெயினில், முதற்சுற்றிலேயே இறுதி நிலைக்குத் தள்ளப்பட்ட பெரஸ், அனைவரையும் முந்தி வெற்றி பெற்றார். 2003இல் ஜோர்டன் பெற்ற வெற்றிக்குப்பின் அப்பட்டறை கண்ட முதல் வெற்றி அதுவே.

2021இல் குழு அஸ்டன் மார்ட்டின் ஆயிற்று. பெயர் ஆறாவது. 2023இல் அலொன்சோ எட்டு முறை முதல் மூவருள் ஒருவராக வந்தார். ஆயினும் பிற குழுக்கள் தம் கார்களைச் சீர்செய்து முன்னேற, பருவ முடிவில் ஐந்தாம் இடமே கிட்டியது. 2025இல் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவி வந்து சேர்ந்தார். 2026 முதல் புதிய விதிகளும் ஹொண்டா இயந்திரமும் என்று ஏற்பாடு. இங்கும் பழைய ஏட்டைப் புரட்டுதல் நன்று. ஹொண்டா 2015இல் மக்லாரனோடு இணைந்து மீண்டபோது, அப்பெருங்குழு ஒன்பதாம் இடத்திற்கு வீழ்ந்தது. அதே ஹொண்டாவின் இயந்திரத்தோடு வெர்ஸ்டப்பன் உலக வாகை சூடியது 2021இல்; இடையே ஆறாண்டு உழைப்பு. ஆகவே, புதிய இயந்திரத்தோடு தொடங்கும் குழுவிடம் முதற்பருவத்திலேயே பெருவிளைச்சலை எதிர்பார்ப்பது முறையன்று.

ஆதலின், வரும் பருவத்தை மதிப்பிடுவோர் நான்கு கேள்விகளைக் கேட்கவேண்டும். பணம் தடையின்றி வருகின்றதா? இயந்திரம் எத்தனை காலம் பழகியது? பட்டறையில் பழந்தொழிலாளர் நிலைத்திருக்கின்றனரா? பருவத்தின் நடுவே காரைத் திருத்தும் ஆற்றல் உண்டா? சாரதியின் பெயரும் காரின் நிறமும் இவற்றுக்குப் பின்னரே வரும்.

இவ்வளவையும் கேட்ட மாணவருள் ஒருவன், "எல்லாப் புள்ளிகளும் அழிந்தபின் அவர்கள் எப்படி ஐயா ஓடினார்கள்?" என்று கேட்டான். அவனுக்கு நான் எங்கள் பாடசாலையின் கதையைச் சொன்னேன். 2008இல் ஊரோடு இடம்பெயர்ந்தோம். 2010இல் மீண்டபோது கூரையும் இல்லை, தளபாடமும் இல்லை. இந்தப் பாடசாலைக்கு இனி எதிர்காலம் உண்டா என்று கேட்டவர் பலர். ஆசிரியர் சிலர் இருந்தோம். ஒருவர் தம் துணிமூட்டைக்குள் இடாப்பைக் காத்து வைத்திருந்தார். மரநிழலில் அதை விரித்துப் பெயர் கூப்பிட்டோம். விடை வராத பெயர்களும் இருந்தன. வந்த குரல்களைக் கொண்டு அன்றே பாடம் தொடங்கினோம்.