பல்கலைக்கழகத் தரவரிசை: கொங்கு நாட்டு உயர்கல்வியும் புறவய அளவீடுகளும்

பல்கலைக்கழகத் தரவரிசை என்பது உயர்கல்வி நிறுவனங்களைச் சில அளவீடுகளின்படி மதிப்பிட்டு, கிடைக்கும் மொத்த மதிப்பெண்ணைக் கொண்டு மேலிருந்து கீழாக அடுக்கும் முறை. ஆசிரியர் எண்ணிக்கை, முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர்களின் விகிதம், ஆய்வுக் கட்டுரைகள், அவற்றைப் பிறர் மேற்கோள் காட்டிய தடவைகள், தேர்ச்சி, வேலைவாய்ப்பு என எண்ணிச் சரிபார்க்கக்கூடியவை புறவய அளவீடுகள். கல்வியாளரிடமும் வேலை தருவோரிடமும் கேட்டறியும் நற்பெயர் மதிப்பீடு அகவயமானது. இன்றைய தரவரிசைகளில் பெரும்பாலானவை இரண்டையும் கலந்தே அமைகின்றன.

இந்தியாவில் இதற்கென ஒன்றிய அரசு நடத்துவது தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பு (என்.ஐ.ஆர்.எஃப்.). கோயம்புத்தூரைச் சேர்ந்த பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் இப்பட்டியலில் தொடர்ந்து முன்னணியில் வருகின்றன. மாநிலப் பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், தன்னாட்சிக் கல்லூரி, வேளாண் பல்கலைக்கழகம் என எல்லா வகையும் ஒரே வட்டாரத்தில் அமைந்திருப்பதால், புறவய அளவீடுகள் எதைக் காட்டுகின்றன, எதைத் தவறவிடுகின்றன என்பதை அறியக் கொங்கு நாடு தக்க களம்.

உலகப் பின்னணி

பெரும்பாலும் புறவய அளவீடுகளையே நம்பிய முதல் உலகத் தரவரிசையை 2003இல் சீனாவின் ஷாங்காய் ஜியாவ் டோங் பல்கலைக்கழகம் வெளியிட்டது. நோபல் பரிசும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கமும் பெற்ற முன்னாள் மாணவர்கள், ஆசிரியர்கள், அதிகம் மேற்கோள் காட்டப்படும் அறிஞர்கள், ‘நேச்சர்’, ‘சயின்ஸ்’ இதழ்களில் வெளியான கட்டுரைகள் ஆகியவை அதன் அடிப்படை. நற்பெயர்க் கணிப்பு அதில் இல்லை. 2004 முதல் பிரிட்டனிலிருந்து வெளிவந்த பட்டியல்கள் அதற்கு மாறாக நற்பெயருக்குப் பேரிடம் தந்தன. கியூ.எஸ். பட்டியலில் கல்வியாளர் கருத்துக்கு மட்டும் நெடுங்காலம் 40 விழுக்காடு இருந்தது; பின்னர் அது 30 ஆகக் குறைக்கப்பட்டது. நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்து ஆய்வு மையமோ எல்லாவற்றையும் ஒரே மொத்த மதிப்பெண்ணாகச் சுருக்காமல், ஆய்வு வெளியீட்டின் ஒவ்வோர் அளவீட்டையும் தனித்தனியாகத் தருகிறது.

என்.ஐ.ஆர்.எஃப். அமைப்பும் வளர்ச்சியும்

இக்கட்டமைப்பு 2015 செப்டம்பர் 29 அன்று தொடங்கப்பட்டு, முதல் பட்டியல் 2016 ஏப்ரலில் வெளியானது. அப்போது பல்கலைக்கழகம், பொறியியல், மேலாண்மை, மருந்தியல் ஆகிய நான்கு பிரிவுகளே இருந்தன. கலை அறிவியல் கல்லூரிகள் 2017இலும், மருத்துவம், சட்டம், கட்டடக்கலை 2018இலும், வேளாண்மை 2023இலும், மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான தனிப் பிரிவு 2024இலும் சேர்ந்தன. முதலாண்டில் 2,426 நிறுவனங்கள் பங்கேற்றன, 2025இல் 7,692.

மதிப்பீடு ஐந்து தலைப்புகளில் நடக்கிறது. பல்கலைக்கழகப் பிரிவில் அவற்றின் எடை:

- கற்பித்தல், கற்றல், வளங்கள்: 30 விழுக்காடு
- ஆய்வும் தொழில்சார் பணியும்: 30 விழுக்காடு
- பட்டம் பெறுவோரின் நிலை: 20 விழுக்காடு
- பரவலும் அனைவரையும் உள்ளடக்கலும்: 10 விழுக்காடு
- நற்பெயர்: 10 விழுக்காடு

கலை அறிவியல் கல்லூரிகளுக்குக் கற்பித்தலின் எடை 40 விழுக்காடு. ஆய்வுக்குப் பல்கலைக்கழகங்களைவிடக் குறைவு.

ஆசிரியர்–மாணவர் விகிதம் 1:15 ஆக இருந்தால் முழு மதிப்பெண். 1:50க்கும் கீழே போனால் சுழியம். 3,000 மாணவர் உள்ள நிறுவனம் முழு மதிப்பெண் பெற 200 நிரந்தர ஆசிரியர் வேண்டும். 60க்கும் குறைந்தால் ஒன்றும் கிடைக்காது. ஆசிரியர்களில் முனைவர் பட்டம் பெற்றோர் எத்தனை பேர், எட்டாண்டு வரை, எட்டு முதல் பதினைந்தாண்டு வரை, அதற்கும் மேல் என அனுபவம் எப்படிப் பரவியிருக்கிறது என்பதும் கணக்கில் வரும். ஆய்வுக் கட்டுரைகளும் மேற்கோள்களும் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய தரவுத்தளங்களிலிருந்து எடுக்கப்படுகின்றன. பொறியியல் பிரிவில் வேலை பெற்றோர், உயர்படிப்புக்குச் சென்றோர் எண்ணிக்கையும், ஊதியங்களை ஏறுவரிசையில் வைத்தால் நடுவில் வரும் தொகையான இடைநிலை ஊதியமும் சேர்கின்றன. பெண்கள், வெளிமாநில மாணவர்கள், பொருளாதார, சமூக நிலையில் பின்தங்கியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குக் கிடைத்துள்ள இடம் நான்காம் தலைப்பில் அடங்கும்.

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1994 முதல் இயங்கும் தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழுவின் (நாக்) தரமதிப்பீடு இதிலிருந்து வேறுபட்டது. நாக் ஒரு நிறுவனம் வகுக்கப்பட்ட தரத்தை எட்டியிருக்கிறதா என்று பார்க்கும். ஒரே தரநிலையைப் பல கல்லூரிகள் பெறலாம். தரவரிசையில் ஒருவர் ஏறினால் மற்றொருவர் இறங்கியே ஆக வேண்டும்.

கொங்கு நாட்டின் கல்விப் புலம்

இவ்வட்டாரத்தின் கல்லூரிகள் பல தொழிலும் வேளாண்மையும் கேட்ட தேவையிலிருந்து எழுந்தவை. சென்னை சைதாப்பேட்டையில் 1868இல் தொடங்கிய வேளாண் பள்ளி 1906இல் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்து, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அரசு தொழில்நுட்பக் கல்லூரி 1945இலும், பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951இலும், கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கழகம் 1956இலும் பிறந்தன. பஞ்சாலைகளும் பம்ப்செட் பட்டறைகளும் பெருகிய காலம் அது. பாரதியார் பல்கலைக்கழகம் 1982இல் நிறுவப்பட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டக் கல்லூரிகள் அதனுடன் இணைந்துள்ளன. பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரியும் கோவை குமரகுரு கல்லூரியும் 1984இல் தொடங்கின.

என்.ஐ.ஆர்.எஃப். பல்கலைக்கழகப் பிரிவில் எட்டிமடையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா விஸ்வ வித்யாபீடம் 2020இல் 4ஆம் இடமும், 2021, 2022இல் 5ஆம் இடமும், 2023, 2024இல் 7ஆம் இடமும், 2025இல் 8ஆம் இடமும் பெற்றது. பாரதியார் பல்கலைக்கழகம் 2022இல் 15ஆம் இடத்திலும் 2023இல் 21ஆம் இடத்திலும் இருந்தது. 2024இன் மாநில அரசுப் பல்கலைக்கழகப் பட்டியலில் நாட்டில் 8ஆம் இடம் பெற்றது. கல்லூரிப் பிரிவில் 1963இல் தொடங்கிய பி.எஸ்.ஜி.ஆர். கிருஷ்ணம்மாள் மகளிர் கல்லூரி 2023இல் 4ஆம் இடமும், 2024இல் 7ஆம் இடமும், 2025இல் 9ஆம் இடமும் அடைந்தது. டெல்லிக் கல்லூரிகள் நிறைந்த அந்த வரிசையில் கோவை பீளமேட்டிலுள்ள இந்த மகளிர் கல்லூரி முதல் பத்துக்குள் நிலைத்து நிற்பது பெருமைக்குரிய சாதனை.

இந்த எண்களை ஒப்பிடுமுன் எது அளக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். அமிர்தாவுக்குக் கேரளம், கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்களிலும் வளாகங்கள் உண்டு. கொச்சியில் பெரிய மருத்துவமனையும் உண்டு. அனைத்தின் ஆய்வும் ஒரே பெயரில் சேர்கிறது. பாரதியாருக்கோ மருதமலை அடிவாரத்தில் உள்ள பல்கலைக்கழகத் துறைகளே கணக்கு. அதனுடன் இணைந்த கிருஷ்ணம்மாள் போன்ற கல்லூரிகள் தனியே வரிசைப்படுத்தப்படுகின்றன. ஒரே பட்டியலில் இடம்பெற்றாலும் அமிர்தாவும் பாரதியாரும் வெவ்வேறு வகை நிறுவனங்கள்.

எடையும் முடிவும்

எண்ணுவது புறவயமானது, எதை எண்ணுவது, எதற்கு எவ்வளவு எடை என்பது மனிதர் எடுக்கும் முடிவு. கற்பித்தலில் 80, ஆய்வில் 50 பெற்ற ஒரு நிறுவனத்தையும், கற்பித்தலில் 50, ஆய்வில் 80 பெற்ற மற்றொன்றையும் எடுத்துக்கொள்வோம். கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் தலா 30 விழுக்காடு எடை தந்தால் இரண்டும் 39 பெற்றுச் சமமாகும். கற்பித்தலுக்கு 40, ஆய்வுக்கு 20 என்றால் முதலாவது 42, இரண்டாவது 36. எடையைத் திருப்பிப் போட்டால் முடிவும் திரும்பிவிடும். இரு வளாகங்களிலும் எதுவும் மாறவில்லை.

பட்டியலின் நடுப்பகுதியில் மதிப்பெண் இடைவெளி மிகச் சிறியது. ஒரு மதிப்பெண்ணுக்கும் குறைந்த வேறுபாடு சில இடங்களைத் தாண்ட வைக்கும். ஓராண்டில் நான்கைந்து இடம் இறங்கியதைத் தரம் சரிந்ததாகவும், ஏறியதைப் பெரும் முன்னேற்றமாகவும் கொள்வது பிழை. நூறாவது இடத்துக்கு அப்பால் உள்ளவற்றைத் தனித்தனி இடமின்றி 101–150 எனத் தொகுதிகளாக வெளியிடுவது இக்காரணத்தால் நேர்மையான நடைமுறை.

அளவீடுகளின் வரம்புகள்

தரவுகளில் பெரும்பகுதியை நிறுவனங்களே பதிவேற்றுகின்றன. அவை போதிய சரிபார்ப்பின்றி ஏற்கப்படுவதாகத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 மார்ச்சில் பட்டியல் வெளியீட்டுக்கு இடைக்காலத் தடை விதித்தது. தடை நீங்கிய பின் அவ்வாண்டுப் பட்டியல் செப்டம்பர் 4 அன்று வெளியானது.

தேர்ச்சி அளவீட்டில் அமைப்புச் சிக்கல் ஒன்று உண்டு. உரிய காலத்தில் பட்டம் முடித்தோர் 80 விழுக்காட்டை எட்டினால் முழு மதிப்பெண். ஆனால் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் தன்னாட்சிக் கல்லூரியும் தமக்கான வினாத்தாளைத் தாமே அமைத்துத் தாமே திருத்துகின்றன. கடுமையாகத் திருத்தும் கல்லூரி இந்த அளவீட்டில் இழக்கும். அண்ணா பல்கலைக்கழகம் பருவந்தோறும் வெளியிடும் இணைவுக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டுக்கு ஒரு வலிமை உண்டு: அக்கல்லூரிகள் யாவும் ஒரே வினாத்தாளை எழுதுகின்றன. கோவையின் முன்னணிப் பொறியியல் கல்லூரிகள் பல தன்னாட்சி பெற்றவை என்பதால் அந்த ஒப்பீடு அவற்றுக்குப் பொருந்தாது.

மேற்கோள் எண்ணிக்கை துறைக்குத் துறை மாறும். மருத்துவம், வேதியியல் கட்டுரைகள் விரைவாக மேற்கோள் பெறும்; கணிதமும் வரலாறும் மெதுவாக. தமிழில் எழுதப்படும் ஆய்வு நூல்களும் கட்டுரைகளும் ஸ்கோபஸ் வரம்புக்குள் பெரும்பாலும் வருவதில்லை. கொங்குக் கல்வெட்டுகளையோ வட்டார வழக்கையோ வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த தமிழ்ப் பேராசிரியரின் உழைப்பு அவருடைய பல்கலைக்கழகத்துக்கு மதிப்பெண்ணாக மாறாமல் போகலாம். இது திருத்தப்பட வேண்டிய குறை.

வயலிலும் பட்டறையிலும் பயன் தரும் ஆய்வுக்கும் இதே நிலை. கோயம்புத்தூரில் 1912இல் அமைந்த கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் காட்டுக் கரும்போடு இனக்கலப்பு செய்து உருவாக்கிய கோ 205 இரகம் 1918இல் வெளியாகி, வட இந்தியக் கரும்புச் சாகுபடியின் போக்கை மாற்றியது. கட்டுரை எண்ணிக்கையால் மட்டும் அந்தப் பணியை அளந்துவிட முடியாது. வேளாண்மைக்குத் தனிப் பிரிவு அமைந்தது நல்ல தொடக்கம். உழவரிடம் சென்று சேர்ந்த இரகங்களையும் தொழில்நுட்பங்களையும் எண்ணும் முறை இன்னும் வலுப்பெற வேண்டும்.

அளவீடு இலக்காக மாறும்போது நடத்தையும் மாறுகிறது. ஆசிரியர்கள்மீது கட்டுரை எண்ணிக்கைக்கான நெருக்கடி ஏறுகிறது. தரமற்ற இதழ்களும் பரஸ்பர மேற்கோளும் பெருகுகின்றன. பிழையாலோ முறைகேட்டாலோ திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு 2025இல் கழிவு மதிப்பெண் கொண்டுவரப்பட்டது இதற்கான எதிர்வினை.

சில அளவீடுகள் வளாகத்துக்கு வெளியே எடுக்கப்படும் முடிவுகளைச் சார்ந்தவை. மாநிலப் பல்கலைக்கழகத்தில் நிரந்தர ஆசிரியர் பணியிடங்களை நிரப்ப அரசின் ஒப்புதலும் நிதியும் வேண்டும். பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபருக்குப் பின் துணைவேந்தர் பதவியே நெடுங்காலம் காலியாக இருந்தது. வெளிமாநில மாணவர்களுக்கு மதிப்பெண் தரும் முறை, அந்தியூரிலிருந்தும் கூடலூரிலிருந்தும் வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இடம் தரும் நிறுவனத்தின் பணியை முழுமையாகக் காட்டுவதில்லை. நற்பெயருக்கான பத்து விழுக்காடோ ஏற்கெனவே பெயர்பெற்ற பெருநகர நிறுவனங்களுக்கே சாதகமானது.

கவுன்சலிங்கும் கட்டாஃப் வரிசையும்

1997இல் பொறியியல் சேர்க்கைக்கு ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் முறை வந்தபின் தமிழ்நாட்டுப் பெற்றோரிடம் மற்றொரு தரவரிசை வேரூன்றியது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200க்குக் கணக்கிடும் கட்டாஃபில், முந்தைய ஆண்டு எந்தக் கல்லூரி எந்த மதிப்பெண்ணில் நிரம்பியது என்பதே அது. இதுவும் எண்தான், ஆனால் அது காட்டுவது மாணவர் விருப்பத்தை. உயர்ந்த மதிப்பெண்ணோடு உள்ளே வந்தவர் நல்ல வேலையோடு வெளியேறினால், இடையில் கல்லூரி சேர்த்தது எவ்வளவு என்பது தெரியாது. சராசரி மதிப்பெண்ணோடு சேர்ந்த மாணவரை முன்னேற்றும் கல்லூரியின் உழைப்பு இதில் மறைகிறது. நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் இடையேயான வளர்ச்சியை அளக்கும் முறை என்.ஐ.ஆர்.எஃபிலும் இல்லை.

தரவுகளை வாசிக்கும் முறை

இத்தரவரிசையின் பெரும்பயன் இட எண்ணைவிட அதற்குப் பின்னுள்ள தரவில் இருக்கிறது. பங்கேற்கும் நிறுவனங்கள் தாம் சமர்ப்பித்த விவரங்களைத் தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும். ஆண்டு வாரியாகச் சேர்க்கை, உரிய காலத்தில் பட்டம் முடித்தோர், வேலை பெற்றோர், இடைநிலை ஊதியம், உயர்படிப்புக்குச் சென்றோர், நூலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் செலவிட்ட தொகை, ஆசிரியர்களின் தகுதியும் அனுபவமும் அதில் உண்டு. விளம்பரத்தில் வரும் அதிகபட்ச ஊதியம் ஒருவருடையது. இடைநிலை ஊதியம் வகுப்பின் நிலையைச் சொல்வது. வேலை பெற்றோரைச் சேர்ந்தோரின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால், பிளேஸ்மென்ட் விழுக்காடு எத்தனை பேரை அடிப்படையாகக் கொண்டது என்பது தெளியும். மூன்றாண்டு விவரங்களை அடுத்தடுத்து வைத்து, ஆசிரியர்கள் நிலைத்திருக்கிறார்களா, ஆண்டுதோறும் மாறுகிறார்களா என்றும் காணலாம்.

ஆய்வுப் படிப்பை நாடுபவருக்கு ஆய்வு மதிப்பெண்ணும், இளநிலைப் பட்டத்தை நாடுபவருக்குக் கற்பித்தல் மதிப்பெண்ணும், கட்டணச் சுமையை எண்ணும் குடும்பத்துக்குக் கட்டண விலக்குப் பெறும் மாணவர்களின் எண்ணிக்கையும் முதன்மையானவை. மூவருக்கும் ஒரே வரிசை பொருந்தாது. மொத்த மதிப்பெண்ணுக்கு முன் அதன் பகுதிகளை வாசிப்பதே புறவய அளவீடுகளைப் பயன்படுத்தும் முறையான வழி.