பீதிநோயும் தோட்ட மருந்தகமும்

கொழுந்துக் கூடையைச் சுமந்து மலையேறும் பெண்ணுக்கு நெஞ்சு படபடப்பதும் மூச்சு வாங்குவதும் இயல்பே. ஆனால் நிரையில் அமைதியாக நிற்கையிலோ, நள்ளிரவில் லயத்தில் உறங்குகையிலோ, காரணம் எதுவுமின்றி அதே படபடப்பு எழுந்து, கைகால் நடுங்கி, உயிர் போகிறது என்ற அச்சம் கவ்வினால்? ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இதனைப் பேய்க்கோளாறு என்போர் உண்டு. பாசாங்கு என்று அரைப்பேர் போடுவோரும் உண்டு. மருத்துவம் இதற்குப் பீதிநோய் என்று பெயரிட்டுள்ளது.

அப்பெயரும் எளிதில் கிடைத்ததன்று. 1871இல் அமெரிக்க மருத்துவர் டா கொஸ்தா, உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களிடம் இவ்வறிகுறிகளைக் கண்டு இதயக் கோளாறு என்றே எழுதினார். திருப்பம் ஒரு மாத்திரையால் நேர்ந்தது. மனச்சோர்வுக்கு உதவும் என்று சுவிஸ் மருத்துவர் ரோலண்ட் கூன் 1957இல் அறிவித்த இமிப்பிரமின் என்ற மருந்தை, நியூயோர்க் ஹில்சைட் மருத்துவமனையில் டொனால்ட் கிளைன் பீதியுற்றோருக்கும் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் நாளுக்குப் பலமுறை தாதியர் அறைக்கு ஓடிவந்து, சாகப் போகிறோம் என்று கதறியவர்கள். அன்று புகழ்பெற்றிருந்த குளோர்புரோமசின் அவர்களுக்கு உதவவில்லை. புதிய மருந்தை உட்கொண்டு மூன்று வாரம் சென்றபின்னும் பயனில்லை என்றே நோயாளியும் மருத்துவரும் கருதினர். அந்த ஓட்டம் நின்றுவிட்டதைக் கண்டு சொன்னவர்கள் தாதியர். பட்டம் பெற்றோர் காணாததைப் பணியாளர் கண்டனர். நமக்கு இது வியப்பன்று! தாக்குதல் நின்றபோதிலும், மறுபடி வருமோ என்ற கலக்கம் மட்டும் நீடித்தது. இரண்டும் வெவ்வேறு என்று கிளைன் 1962லும் 1964லும் எழுதினார். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இதனைத் தனிநோயாக ஏற்றது.

1967இல் பிட்ஸ், மக்ளூர் இருவரும், உழைக்கும் தசையில் ஊறும் லாக்டேட்டை நாளத்தில் ஏற்றினால் இந்நோயாளருக்குப் பீதி எழுவதைக் காட்டினர். கரியமில வாயுவைச் சுவாசித்தாலும் அவ்வாறே. மூச்சுத் திணறலை அறிவிக்கும் மூளையின் அபாயமணி, ஆபத்தின்றியே அடிக்கிறது என்பது 1993இல் கிளைன் முன்வைத்த கருத்து. மூளைத்தண்டிலுள்ள நரம்பணுக்கள் சுரக்கும் நோர் அட்ரினலினுக்கும், செரொட்டோனினுக்கும் இதில் பங்குண்டு. மருந்து இவற்றின் அளவை விரைவில் மாற்றினும், நரம்பணுக்கள் பழகி மணி அடங்கச் சில வாரங்கள் ஆகின்றன.

அச்சமெல்லாம் வறுமையின் விளைவே என்று வாதிடும் தோழர்கள் நம்மிடையே உண்டு. 1977இல் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது மக்கள் நடுங்கியது மெய்யான ஆபத்தைக் கண்டு. அதற்கு மாத்திரை மருந்தாகாது. ஆனால் பொய்யாக அடிக்கும் மணியைத் தீர்மானம் போட்டு நிறுத்தவும் இயலாது.

தொழிலாளர் உடலைப் பற்றி ஆட்சியாளர் எண்ணியதன் அடையாளம் 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம். அவர்களின் அச்சத்தைப் பற்றி எவர் எண்ணினார்? மலிவாக மருந்து கிடைக்க வேண்டும் என்று சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனத்தைக் கட்டியெழுப்பினார். எனினும் மாத்திரை மட்டும் போதாது. தொடக்க நாட்களில் அது படபடப்பைக் கூட்டுவதும் உண்டு. ஆதலால்தான் சிறிய அளவில் தொடங்குகிறார்கள். அஞ்சி அதனை எறிய முனைபவளிடம், இன்னும் சில வாரம் பொறு என்று தமிழில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். கிளினிக் நாளன்று செக்ரோலில் அவள் பேர் விழவும் வேண்டும்.