திருச்சி விமான நிலையத்தின் கதை

எங்கள் ஊர் வலங்கைமானில் "பக்கத்தில் உள்ள ஏர்போர்ட் எது?" என்று யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் "திருச்சி" என்பார்கள். பக்கம் என்றால் ஏதோ பத்து கிலோமீட்டர் என்று நினைத்துவிடாதீர்கள். கும்பகோணம், தஞ்சாவூர், திருவெறும்பூர் என்று போனால் சுமார் 100 கிலோமீட்டர்! ஆனாலும் எங்களுக்கு அது பக்கத்து ஊர் மாதிரிதான். தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் யாராவது ஒருவர் சிங்கப்பூரிலோ, மலேசியாவிலோ, துபாயிலோ, குவைத்திலோ இருக்கிறார். எல்லோரும் போனதும் அந்த வழிதான், வருவதும் அந்த வழிதான்.

நான் முதன்முதலில் அங்கே போனது 2008ல். எனக்கு ஐந்து வயது. அப்பா முதல் முறையாக சிங்கப்பூர் கிளம்பினார். ஒரு வாடகை டாடா சுமோவில் அம்மா, அப்பாயி, பெரியப்பா, சித்தப்பா குடும்பம் என்று பதினோரு பேர் போனோம். போகிறவர் ஒருவர், வழியனுப்பப் போனவர்கள் பத்துப் பேர்! வெளியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன புளிசாதம் சாப்பிட்டது நினைவிருக்கிறது. அப்பா உள்ளே போனதும் அப்பாயி அழுததும் நினைவிருக்கிறது. மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

வணிகவியல் படிக்க வந்த பிறகு, ஒரு விமான நிலையம் எப்படி வளர்கிறது, ஏன் வளராமல் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. படித்ததை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

விமானத்துக்கு முன்னால் கப்பல்

டெல்டாக்காரர்கள் கடல் தாண்டிப் போவது விமானம் வந்த பிறகு தொடங்கியது அல்ல. ரஜுலா என்ற கப்பலைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1926ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. எங்கள் தாத்தாவின் அண்ணன் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போனவர்தான். திரும்பி வரவில்லை. ஒரே ஒரு போட்டோ மட்டும் வீட்டில் இருக்கிறது.

ரஜுலாவுக்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் என்ற கப்பல் அதே தடத்தில் ஓடியது. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தார்கள். அதோடு நாகப்பட்டினத்தின் கப்பல் காலம் முடிவுக்கு வந்தது. நாகப்பட்டினம் செய்த வேலையைத் திருச்சி முழுவதுமாக எடுத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

இதில் எங்கள் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. 1869ல் வலங்கைமானில் பிறந்தவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. மலேயா தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்களின் நிலையை விசாரிக்க இந்திய அரசு 1936ன் கடைசியில் அனுப்பியது அவரைத்தான். 1937ல் அறிக்கை கொடுத்தார். குறைக்கப்பட்ட கூலியைப் பழைய அளவுக்கு, அதாவது ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று, திரும்பக் கொடுக்கச் சொன்னார். இன்னும் கடுமையாக எழுதியிருக்க வேண்டும் என்று அங்கிருந்த இந்தியர்கள் பலர் வருத்தப்பட்டார்கள். அடுத்த ஆண்டு, 1938ல், உதவிப்பணம் கொடுத்துக் கூலிகளை மலேயாவுக்கு அழைத்துப் போவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது.

அதே 1938ல்தான் திருச்சிக்கு விமானத் தடம் வந்தது. தற்செயல்தான், ஆனாலும் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது.

தபால் விமானத்திலிருந்து தொடக்கம்

1932 அக்டோபர் 15ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைச் சென்னைக்குக் கொண்டு வந்தார். டாடாவின் விமானத் தபால் சேவை இப்படித்தான் ஆரம்பித்தது. டாடா நிறுவனம் 1938ல் இந்தத் தடத்தைச் சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீட்டியது. அதாவது திருச்சி ஆரம்பத்திலேயே ஒரு வெளிநாட்டுத் தடத்தில் இருந்த ஊர்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை திருச்சியைப் பயன்படுத்தியது. தஞ்சாவூரில் உள்ள விமானத் தளமும் அந்தக் காலத்ததுதான். எண்பதுகளில் வாயுதூத் என்ற அரசு நிறுவனத்தின் சிறிய விமானங்கள் தஞ்சாவூருக்கு வந்துபோயின. பிறகு நின்றுவிட்டன. 2013ல் அது முறைப்படி விமானப்படைத் தளமாகத் திறக்கப்பட்டது. 2020 ஜனவரியில் சுகோய் 30 போர் விமானங்களின் அணி அங்கே வந்தது. எங்களுக்குத் தஞ்சாவூர்தான் அருகில், ஆனால் ஏறிப்போக முடிவது திருச்சியில் மட்டும்.

1953ல் விமான நிறுவனங்கள் நாட்டுடைமை ஆனபின் திருச்சி இந்தியன் ஏர்லைன்ஸ் கைக்கு வந்தது. பல ஆண்டுகள் கொழும்புதான் இங்கிருந்து போகும் முக்கியமான வெளிநாட்டு ஊர். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்கள் போகப்போக நிலைமை மாறியது.

பெயரில் வந்த 'பன்னாட்டு'

ஒரு வேடிக்கை பாருங்கள். 1938லேயே கொழும்புக்கு விமானம் போன ஊருக்கு 'பன்னாட்டு விமான நிலையம்' என்ற அந்தஸ்தை மத்திய அமைச்சரவை கொடுத்தது 2012 அக்டோபரில்தான்! அதுவரை அது சுங்க வசதி உள்ள விமான நிலையம் மட்டுமே. இத்தனைக்கும் திருச்சியில் உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள்தான் பல மடங்கு அதிகம். இந்தியாவில் பெரும்பாலான விமான நிலையங்களில் இது தலைகீழாக இருக்கும்.

கட்டடமும் அப்படியே மெதுவாகத்தான் வளர்ந்தது. நான் ஐந்து வயதில் பார்த்த பழைய கட்டடத்துக்குப் பதிலாக 2009 ஜூன் முதல் புதிய முனையம் பயன்பாட்டுக்கு வந்தது. பழைய கட்டடம் 2011ல் சரக்குகளுக்கு மாற்றப்பட்டது. டெல்டாவையும் சுற்று மாவட்டங்களையும் சேர்ந்த காய்கறி, பழம், பூ இதெல்லாம் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறது.

2009ல் வந்த கட்டடம் சில ஆண்டுகளிலேயே போதாமல் போய்விட்டது. ஆண்டுக்குப் பயணிகள் 15 லட்சத்தைத் தாண்டிய 2018-19ல் நள்ளிரவில் இரண்டு மூன்று விமானங்கள் ஒன்றாக வந்தால் உள்ளே நிற்க இடமிருக்காது. குடியேற்ற வரிசை முடிந்து அப்பா வெளியே வர ஒரு முறை இரண்டு மணி நேரம் ஆனது. அம்மா வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள்.

புதிய முனையம்: என்னென்ன இருக்கிறது?

2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்து வைத்த புதிய முனையம், 2024 ஜூன் 11 முதல் இயங்கத் தொடங்கியது. செலவு 1,100 கோடி ரூபாய்க்கு மேல். முக்கிய விவரங்கள்:

- பரப்பளவு சுமார் 75,000 சதுர மீட்டர். பழைய முனையம் 12,000 சதுர மீட்டருக்கும் குறைவு. ஆறு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.
- நெரிசல் நேரத்தில் ஒரே சமயத்தில் 3,500 பயணிகளைக் கையாளலாம்.
- ஆண்டுக்கு 44 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகளுக்கு இடமுண்டு.
- பயணச்சீட்டைக் காட்டிப் பெட்டியை ஒப்படைக்க 60 கவுண்டர்கள்.
- வருகிறவர்களுக்கு 60, போகிறவர்களுக்கு 44 குடியேற்றக் கவுண்டர்கள்.
- பெட்டிகள் சுற்றி வரும் பட்டைகள் 5.

கட்டடத்தில் ஸ்ரீரங்கம் கோபுரத்தின் வண்ணங்களும் கோலமும் தெரியும்படி வடிவமைத்திருக்கிறார்கள். புதுக்கோட்டை சாலையில், ஊரிலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில் இருக்கிறது. எங்கள் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் டி.வி.எஸ். டோல்கேட்டில் இறங்கி வேறு பஸ் பிடிக்கலாம். ஆனால் இரண்டு வருஷத்துச் சாமானோடு வருகிறவரை யாரும் பஸ்ஸில் கூட்டி வருவதில்லை, வேன்தான்!

ஓடுபாதை

கட்டடம் ஆறு மடங்கு பெருத்தாலும் ஓடுபாதை அப்படியேதான் இருக்கிறது, சுமார் 2,480 மீட்டர். போயிங் 737, ஏர்பஸ் 320 போன்ற விமானங்களுக்கு இது போதும். பெரிய விமானங்கள் முழு எடையோடு நெடுந்தூரம் கிளம்ப இன்னும் நீளம் வேண்டும். நீட்டிப்பதற்கு நிலம் எடுக்கும் வேலை பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டு போனது.

ஓடுபாதை என்றால் எங்கள் பக்கம் எல்லோருக்கும் நினைவு வருவது 2018 அக்டோபர் 12. துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதை முடிவில் இருந்த ஆண்டெனாவிலும் சுற்றுச்சுவரிலும் இடித்துக்கொண்டு மேலே ஏறியது. 136 பேர் உள்ளே. விமானம் சில மணி நேரம் பறந்து மும்பையில் பத்திரமாக இறங்கியது. 2024 அக்டோபர் 11ல் ஷார்ஜா விமானம் ஒன்று ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே வட்டமடித்து, 141 பேரோடு திருச்சியிலேயே நல்லபடியாக இறங்கியது. அன்று மாலை எங்கள் தெருவில் எல்லா வீட்டு டிவியிலும் அதுதான் ஓடியது.

ஏன் சிங்கப்பூருக்கு நிறைய, வளைகுடாவுக்குக் குறைவு?

வணிகவியல் மாணவனாக என்னை மிகவும் யோசிக்க வைத்தது இந்தப் பகுதிதான். ஒரு நாட்டு விமானம் இன்னொரு நாட்டுக்கு நினைத்தபடி பறக்க முடியாது. இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட வேண்டும். வாரத்துக்கு எத்தனை இருக்கை, எந்தெந்த ஊர் என்று அதில் எழுதியிருக்கும்.

ஆசியான் நாடுகளின் விமானங்களுக்கு இந்தியா 18 ஊர்களைத் தாராளமாகத் திறந்துவிட்டது. அந்தப் பதினெட்டில் திருச்சியும் ஒன்று. அதன் பலனைக் கண்கூடாகப் பார்க்கலாம். மலேசியாவின் ஏர்ஏசியா இந்தியாவில் முதன்முதலில் இறங்கிய ஊர் சென்னையோ டில்லியோ அல்ல, 2008 டிசம்பரில் நம்ம திருச்சி! பிறகு சிங்கப்பூரின் டைகர் ஏர்வேஸ் வந்தது, அது பின்னாளில் ஸ்கூட் ஆனது. 2023ல் வியட்நாமின் வியட்ஜெட் வந்தது.

வளைகுடா கதை வேறு. துபாய், ஷார்ஜா போன்ற ஊர்களின் நிறுவனங்கள் இறங்கக்கூடிய பட்டியலில் திருச்சியைச் சேர்க்க வேண்டும் என்று திருச்சி, தஞ்சை வியாபாரிகளும் பயணிகளும் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். பட்டியலில் ஊர் இல்லையென்றால் இந்திய நிறுவனங்கள் மட்டும்தான் ஓட்ட முடியும். இருக்கை குறைவு, தேவை அதிகம் என்றால் என்ன ஆகும்? பொருளியல் முதல் பாடம்தான், விலை ஏறும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டிக்கெட் விலை பார்த்துவிட்டு "அடுத்த வருஷம் வர்றேன்" என்று சொல்லிவிடுகிறவர்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர். பலர் சென்னைக்கோ கொச்சிக்கோ போய் ஏறுகிறார்கள். ஒப்பந்தத்தில் ஒரு ஊரின் பெயர் விட்டுப்போவது டில்லியில் ஒரு வரி. இங்கே அது ஒரு அப்பா பொங்கலுக்கு வராமல் போவது.

கொரோனாவும் யாழ்ப்பாணமும்

2020 மார்ச்சில் வெளிநாட்டு விமானங்கள் நின்றபோது அப்பா சிங்கப்பூரில் தொழிலாளர் விடுதியில் மாட்டிக்கொண்டார். மே மாதம் கோலாலம்பூரிலிருந்து சிறப்பு மீட்பு விமானம் திருச்சிக்கு வந்தது என்று செய்தி பார்த்து அம்மா தினமும் போன் போட்டுக் கேட்பார்கள். வழக்கமான சேவை 2022 மார்ச் 27ல்தான் முழுதாகத் திரும்பியது.

நல்ல செய்தி ஒன்று. 2025 மார்ச் 30ல் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இண்டிகோ நேரடி விமானம் தொடங்கியது. கடல்வழியில் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கும் ஊருக்கு இத்தனை காலம் கொழும்பு வழியாகவோ சென்னை வழியாகவோ சுற்றிப் போனார்கள்!

முடிவாக

2021ல் மத்திய அரசு தனியாருக்குக் குத்தகைக்கு விட அறிவித்த விமான நிலையங்களின் பட்டியலில் திருச்சியும் இடம்பெற்றது. யார் நடத்தினாலும் சரி, மூன்று காரியங்கள் நடக்க வேண்டும் என்பது என் கருத்து. ஓடுபாதையை நீட்ட வேண்டும். வளைகுடா ஒப்பந்தங்களில் திருச்சியைச் சேர்க்க வேண்டும். நள்ளிரவில் டெல்டா ஊர்களுக்குப் போக வாசலிலிருந்தே பஸ் விட வேண்டும்.

அப்பா 2024 ஜூலையில் ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டார். புதிய முனையத்தில் அவரை அழைத்து வர நானும் அம்மாவும் மட்டும் போனோம். அப்பாயி இப்போது இல்லை. அப்பா வெளியே வந்ததும் கட்டடத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, "நான் போறப்ப இது இருந்திருந்தா அப்பாயி உக்கார்ந்து அழுதிருக்கும்டா, பாவம் நின்னுகிட்டே அழுதுச்சு" என்றார்.

என் வகுப்பில் எட்டுப் பேர் பாஸ்போர்ட் எடுத்துவிட்டார்கள். நானும் எடுத்திருக்கிறேன். மேட்டூர் தண்ணீரை நம்பி இரண்டு மா நிலத்தில் குடும்பம் நடத்த முடியாது என்று அப்பாவே சொல்கிறார். "ஆனா நீ போகாதே" என்றும் அவரேதான் சொல்கிறார். என்ன செய்யப்போகிறேன் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஒருவேளை போனாலும் அந்தப் புதுக்கோட்டை சாலை வழியாகத்தான் போவேன். வழியனுப்ப பத்துப் பேர் வராவிட்டாலும், புளிசாதம் மட்டும் அம்மா கட்டிக் கொடுப்பார்கள் என்று நம்புகிறேன்.