கியர் விழவில்லையா? கியர்பெட்டியைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கொடிகாமம் சந்தைக்குத் தேங்காயும் பலாப்பழமும் மாம்பழமும் ஏற்றிவரும் வாகனங்களில் இருபது, முப்பது வருடம் ஓடிய பழைய பிக்கப்களும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய வாகனங்களின் விலையும் ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தாலும், வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதியது பலருக்கு எட்டாது. இருப்பதைக் காப்பாற்றி ஓடுவதுதான் வழி.

அது எமக்குப் புதிதல்ல. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடினோம். 2006 ஆகஸ்ட்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது உதிரிப்பாகத்துக்கும் அலைந்தோம். பழுது எங்கே என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டுத்தான் எதையும் கழற்ற வேண்டும் என்பது அந்தக் காலம் தந்த பழக்கம். கியர் விழாவிட்டால் "கியர்பொக்ஸ் போச்சு" என்று பலர் முடிவுகட்டி விடுகிறார்கள். ஆனால் பல வேளைகளில் கோளாறு கியர்பெட்டிக்கு வெளியே, செலவு குறைந்த இடத்தில் இருக்கிறது.

முதல் சோதனை: எஞ்சினை நிறுத்திப் பாருங்கள்

வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கல் வையுங்கள். எஞ்சின் நின்றிருக்க, கிளச்சை மிதித்து எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். ஒன்று விழ மறுத்தால் கிளச்சை ஒருமுறை விட்டு மிதித்துத் திரும்ப முயலுங்கள்.

எஞ்சின் நிற்கும்போது இலகுவாக விழுந்து, ஓடும்போது இறுகினால் கிளச் முழுதாக விடுபடவில்லை. நிற்கும்போதும் இறுகினால் கியர்த் தடி, அதன் இணைப்புகள், அல்லது கியர்பெட்டியின் உட்பகுதியைச் சந்தேகிக்கலாம்.

கிளச் விடுபடாவிட்டால்

எஞ்சினை ஓடவிட்டு, நியூற்றலில் கிளச்சை மிதித்து ஐந்து விநாடி பொறுத்து றிவேர்ஸ் போடுங்கள். அப்போதும் "கிறீச்" என்று அரைத்தால் கிளச் இழுக்கிறது. மிதியை மூன்று நான்கு தரம் அடித்தபின் கியர் விழுந்தால், கிளச் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கலாம், அல்லது பம்பின் உள் றப்பர் தேய்ந்திருக்கலாம்.

கிளச் ஒயில் போத்தலின் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. கியர்பெட்டிப் பக்கத்தில் உள்ள கீழ்ப் பம்பின் தூசி றப்பரை மெல்ல நீக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் என்றால் அதுதான் இடம். மிதிக்கு மேலே உள்ள பம்பையும் தடவிப் பாருங்கள். றப்பர் மாற்றிக் காற்றெடுப்பதற்குக் கியர்பெட்டியை இறக்கத் தேவையில்லை.

கிளச் வழுக்கினால்

எஞ்சின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால், முன்னால் ஆளில்லாத வெளியில் ஹான்ட்பிறேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் கிளச்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் கிளச் பிளேட் தேய்ந்திருக்கிறது. இதைத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். பிளேட் சூடேறிக் கருகும்.

கியர்த் தடி தொளதொளத்தால்

பழைய ஹைலக்ஸ் போன்ற பிக்கப்களில் தடியின் அடியில் சிறிய பிளாஸ்ரிக் புஷ் உண்டு. அது உடைந்தால் தடி எல்லாப் பக்கமும் ஆடும், கியர் இடம் பிடிபடாது. மேலிருந்தே மாற்றக்கூடிய மலிவான பொருள் இது.

கியர்பெட்டியேதான் என்றால்

ஓடும்போது இரண்டாம் அல்லது மூன்றாம் கியர் மட்டும் அரைத்தால், அந்தக் கியரின் பித்தளை வளையம் தேய்ந்திருக்கும். கீழ்க் கியருக்கு இறங்கும்போது, நியூற்றலில் கிளச்சை விட்டு, சற்று அக்சிலேற்றர் கொடுத்து, மீண்டும் மிதித்துப் போட்டால் அரைக்காது. வேலை செய்யும் வரை ஓடி முடிக்க இது உதவும்.

கியர் தானாக நியூற்றலுக்குப் பாய்ந்தால் முதலில் கியர்பெட்டி தாங்கும் றப்பரைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் உள்ளேதான் கோளாறு. நியூற்றலில் கிளச்சை விட்டிருக்கும்போது கேட்கும் இரைச்சல் மிதித்ததும் நின்றால் கியர்பெட்டியின் முன் பெயாரிங். மிதிக்கும்போது மட்டும் கேட்டால் கிளச் பெயாரிங்.

ஒயில் சொல்லும் கதை

பக்கவாட்டுப் பூட்டைக் கழற்றினால் ஒயில் துவாரத்தின் கீழ் விளிம்புவரை நிற்க வேண்டும். பால் நிறமாக இருந்தால் மாரி வெள்ளத்தில் தண்ணீர் புகுந்திருக்கிறது, உடனே மாற்றுங்கள். வடிக்கும் பூட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை வழமையானது. பித்தளைத் துகள்கள் மினுங்கினால் வளையம் தேய்கிறது. இரும்புத் துண்டு கிடைத்தால் வாகனத்தை ஓட்டாதீர்கள்.

கையேட்டில் உள்ள ஒயில் வகையையே வாங்குங்கள். ஜிஎல்-4 கேட்கும் பெட்டிக்கு ஜிஎல்-5 ஊற்றினால், அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கக்கூடும். கீழே புகும்போது ஜக்கை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளை வையுங்கள்.

கராச்சுக்குப் போகும்போது "கியர் வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கியர், எஞ்சின் ஓடும்போதா நிற்கும்போதா, என்ன சத்தம் என்று எழுதிக்கொண்டு போங்கள். புஷ் ஒன்றின் விலையில் முடியும் வேலைக்குக் கியர்பெட்டியின் விலையைக் கொடுக்காமல் திரும்பலாம்.